இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு லிட்டர்

ஃபோக்ஸ்வாகன் கார்களின் கையேட்டில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு குறிப்பு உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இன்ஜின் ஆயில் குறையலாம், அது இயல்புதான் என்கிறது அது. அமெரிக்காவில் டொயோட்டா தன் டீலர்களுக்கு வைத்த அளவுகோலும் ஏறக்குறைய இதேதான்: 1,200 மைலுக்கு ஒரு குவார்ட். நம் கணக்கில் 1,900 கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்தியாவில் பெரும்பாலான கார்களுக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் சர்வீஸ். பெருக்கிப் பார்த்தால் இரண்டு கணக்கும் 5 லிட்டரை ஒட்டி வந்து நிற்கின்றன. நம் ஊர்ச் சின்னக் கார்களில் இன்ஜின் கொள்ளும் மொத்த ஆயிலே 3, மிஞ்சினால் 4 லிட்டர்.

ஆக, ‘நல்ல நிலையில் இருக்கிறது’ என்று நிறுவனமே சான்று தரக்கூடிய ஓர் இன்ஜின், அடுத்த சர்வீஸ் தேதிக்கு முன்பே வறண்டு போய்விட முடியும். எல்லா இன்ஜினும் இப்படி ஆயில் குடிப்பதில்லை என்பது உண்மை. நன்றாக இருக்கும் பல இன்ஜின்களில் சர்வீஸுக்குச் சர்வீஸ் அளவு சற்றே இறங்குவதோடு சரி. ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி இதில் எந்த ரகம் என்பதை வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. புகை வருவதற்கு முன்பே ஆயில் குறையத் தொடங்கிவிடும். பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு காட்டும் கம்பியான ஸ்டிக்கை உருவிப் பார்த்தால்தான் தெரியும்.

அதை யார் பார்ப்பது? கையேடு எழுதிய நிறுவனம், வண்டிக்காரர் பார்க்கட்டும் என்கிறது. வண்டிக்காரரோ, அதற்குத்தானே சர்வீஸ் சென்டருக்குப் பணம் கட்டுகிறோம் என்று இருக்கிறார். இந்த இடைவெளியில்தான் இன்ஜின்கள் சீஸ் ஆகின்றன. பழியை ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட முடியாது. ஆனால் கூடுதல் பங்கு, கார் தயாரிப்பவர்களுக்கும் ஓட்டுநர் உரிமம் தரும் முறைக்கும்தான் உண்டு.

‘குறைந்தால் டேஷ்போர்டில் லைட் எரியுமே’ என்ற நம்பிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். மூக்கு நீண்ட எண்ணெய்க் கேன், அதன் நுனியில் ஒரு சொட்டு: அந்தச் சிவப்பு விளக்கைத்தான் பலரும் ஆயில் அளவுக்கான விளக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அளவைக் காட்டுவதில்லை, பிரஷரைக் காட்டுகிறது. இன்ஜினின் அடியில் சம்ப் எனும் தொட்டியில் கிடக்கும் ஆயிலை ஒரு பம்ப் உறிஞ்சி, கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளுக்கும் மேலே கேம் ஷாஃப்ட்டுக்கும் அழுத்தத்தோடு அனுப்புகிறது. பம்ப்பின் உறிஞ்சு வாய் ஆயிலில் முங்கியிருக்கும் வரை பிரஷருக்குக் குறைவில்லை. சம்ப்பில் பாதிதான் மிச்சம் என்றாலும் விளக்கு வாயைத் திறக்காது.

அப்படியானால் எப்போது எரியும்? உறிஞ்சு வாய் காற்றைக் குடிக்கும்போது. சமதளச் சாலையில் நேராகப் போகும் வரை ஒன்றும் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் வண்டி திரும்பும்போது, மிச்சமிருக்கும் ஆயில் சம்ப்பின் ஓர் ஓரத்துக்கு ஒதுங்கும். அந்தக் கணத்தில் பம்ப் காற்றை இழுக்கும், விளக்கு ஒரு முறை மினுக்கிவிட்டு அணைந்துவிடும். ஓட்டுகிறவர் பெரும்பாலும் கவனித்திருக்க மாட்டார். கவனித்தாலும், ‘அணைஞ்சிடுச்சே’ என்று போய்விடுவார். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது மைக்ரான் கணக்கில் மட்டுமே அளக்கக்கூடிய ஆயில் படலம். அது அறுந்தால் உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசும். மெக்கானிக்குகள் ‘பேரிங் அடிக்குது’ என்று சொல்லும் அந்த டக் டக் சத்தம் கேட்கத் தொடங்கும்போது ஆயிலை ஊற்றிச் சரிசெய்யும் கட்டம் தாண்டியிருக்கும். அளவைத் தனியாகக் காட்டும் மஞ்சள் விளக்கு சில கார்களில் இருக்கிறது. இல்லாத கார்களே சாலையில் நிறைய.

பழைய ஓட்டுநர்களுக்கு இந்தப் பாடம் தேவைப்படவில்லை. ‘ஆயில், தண்ணி, காத்து பாத்தாச்சா?’ என்பது லாரி ஷெட்டிலும் டாக்ஸி ஸ்டாண்டிலும் காலை வணக்கத்துக்குப் பதிலாகப் புழங்கிய கேள்வி. அம்பாசிடர் ஓட்டியவர்கள் பானெட்டைத் தூக்கிவிட்டுத்தான் சாவியைத் தொடுவார்கள். இது அவர்களுடைய ஒழுக்கத்துக்கான சான்று மட்டுமல்ல. அந்த இன்ஜின் ஆயிலை ஒழுகவும் விட்டது, எரிக்கவும் செய்தது. பார்க்காமல் ஓட்டினால் வழியில் நிற்க வேண்டியதுதான். அதற்கும் முந்தைய தலைமுறைக்கு நிலைமை இன்னும் மோசம். 1908 முதல் 1927 வரை ஃபோர்டு தயாரித்த மாடல் டி காரில் ஸ்டிக்கே கிடையாது. இன்ஜின் அடிப்பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு சின்னக் குழாய்த் திருகுகள். வண்டிக்குக் கீழே நுழைந்து மேல் திருகைத் திறந்து பார்க்க வேண்டும். ஆயில் வராவிட்டால் கீழ்த் திருகைத் திறக்க வேண்டும். கீழே வந்து மேலே வராவிட்டால் அளவு சரி. சட்டை அழுக்காகாமல் அளவு பார்க்க முடியாத கார் அது.

இன்றைய இன்ஜின்கள் ஒழுகுவதில்லை. பானெட்டைத் திறந்தால் பெரிய கருப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. ‘இங்கே உனக்கு வேலையில்லை’ என்று அது சொல்லாமல் சொல்கிறது. அதன் ஓரத்தில், பெரும்பாலும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம் மட்டும் தலை நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஸ்டிக்.

பெட்ரோல் பங்க்கில் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓடிய கார் வந்து நிற்கிறது. டேங்க் நிரம்புவதற்குள் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, ‘சார், ஆயில் பாத்துரலாமா?’ என்று கேட்டு, பானெட்டைத் திறந்து, ஸ்டிக்கை உருவி, துடைத்து, சொருகி, மறுபடி உருவிக் காட்டுகிறார். கோடு கீழே நிற்கிறது. ‘கம்மியா இருக்கு சார், ஒரு லிட்டர் ஊத்திடலாம்.’ அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. ஸ்டிக் அப்படித்தான் காட்டுகிறது. ஆனால் இன்ஜின் நின்று ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுவரை மேலே தலைப்பகுதியிலும் குழாய்ப் பாதைகளிலும் சுற்றிக்கொண்டிருந்த ஆயில் இன்னும் சம்ப்புக்கு இறங்கவில்லை. எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தால் கடைசிச் சொட்டு வடிய நேரம் பிடிப்பதைப் போலத்தான் இதுவும். ஐந்து நிமிடம் காத்திருந்து பார்த்திருந்தால் அதே ஸ்டிக்கில் கோடு மேலே ஏறியிருக்கும். இப்போது தேவையில்லாத ஒரு லிட்டர் உள்ளே போகிறது. அது ஏன் ஆபத்து என்பது தனிக் கதை.

சரியாகப் பார்ப்பதற்கு நிபுணத்துவம் ஏதும் வேண்டாம். அவசரம் இல்லாமல் இருந்தால் போதும். முதலில் தரை மட்டமாக இருக்க வேண்டும். இதைச் சொன்னால் பலருக்கும் சாதாரணமாகத் தெரியும், ஆனால் தமிழ்நாட்டு நகரங்களில் இதுதான் முதல் சிக்கல். தெரு உயர உயர, வீட்டுத் தளத்தையும் உயர்த்திக் கட்டி, வாசலில் செங்குத்தாக ஒரு சாய்தளம் போட்டிருக்கிறோம். காரின் முன் சக்கரம் போர்ட்டிகோவில், பின் சக்கரம் தெருவில். அந்த நிலையில் ஆயில் சம்ப்பின் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். ஸ்டிக் இறங்கும் இடம் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து அளவு கூடவோ குறையவோ காட்டும். தெருவோரத்தில் தண்ணீர் வடிவதற்காக விட்டிருக்கும் பக்கச் சரிவுகூட அளவை மாற்றிவிடும். பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்கும் இடமோ, கல்யாண மண்டபத்து வண்டி நிறுத்துமிடமோ இதற்குத் தோதானது.

அடுத்தது இன்ஜின் சூடு. கொஞ்ச தூரம் ஓட்டி, சூடான பிறகு நிறுத்தி, சில நிமிடம் காத்திருந்து பார்க்கச் சொல்வதுதான் பெரும்பாலான கையேடுகளின் வழி. எத்தனை நிமிடம் என்பதில் ஒற்றுமையில்லை. ஹோண்டா சுமார் மூன்று நிமிடம் என்கிறது, டொயோட்டா ஐந்து நிமிடத்துக்கு மேல் என்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பார்ப்பதே சிறந்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை: ஆயில் முழுவதும் கீழே இறங்கியிருக்கும், கை சுடாது. ஆனால் சூட்டில் ஆயில் விரியும். 4 லிட்டர் ஆயில் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 170 மில்லி கூடுகிறது. ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கும் நடுவே பல கார்களில் ஒரு லிட்டரை ஒட்டித்தான் இடைவெளி. அதில் ஆறில் ஒரு பங்கு இந்தச் சூட்டு வித்தியாசமே. காலையில் பார்த்து மேல் கோடு வரை ஊற்றினால், ஓடும்போது அதைத் தாண்டி நிற்கும். எந்த முறையானாலும் ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே சூடு, அதே காத்திருப்பு என்று வைத்துக்கொண்டால், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் நம்பத்தக்கதாக இருக்கும். தனியாக ஒரு நாளின் அளவைவிட அந்த வித்தியாசம்தான் பேசும்.

பிறகு ஸ்டிக். முதல் தடவை உருவும்போது வருவதை நம்பக்கூடாது. குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் ஆயில் வழியெல்லாம் பூசிக்கொண்டு வந்திருக்கும். துடைத்துவிட்டு, முழுவதுமாக அடி வரை அழுத்திச் சொருகி, மறுபடி உருவ வேண்டும். துடைப்பதற்கு ஒர்க்‌ஷாப்பில் கையில் கிடைப்பது பனியன் வேஸ்ட், திருப்பூர்க் கம்பெனிகளில் மிஞ்சும் துணித் துண்டுகள். துணியாக இருக்கும் வரை அதனால் தொந்தரவில்லை. நூல் நூலாகப் பிரிந்த வேஸ்ட்டால் துடைத்தால் இழைகள் ஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு இன்ஜினுக்குள்ளேயே போகும். இழை பிரியாத பழைய வேட்டித் துண்டு ஒன்றை டிக்கியில் போட்டு வைத்தால் போதுமானது.

உருவிய ஸ்டிக்கின் நுனி கீழ்நோக்கியே இருக்கட்டும். மேலே தூக்கிப் பிடித்தால் ஆயில் கைப்பக்கமாக வழிந்து, இல்லாத அளவைக் காட்டும். இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் தெரிந்தால் தாழ்வாக இருப்பதே சரியான அளவு, மற்றது குழாயில் உரசி வந்த பூச்சு. புதிதாக ஆயில் மாற்றிய வண்டியில் இன்னொரு தொல்லை. தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில், பளபளக்கும் ஸ்டிக்கில் கண்ணுக்கே தெரியாது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் ஈரமான பகுதி மினுங்குவதும் காய்ந்த பகுதி மங்கியிருப்பதும் பிரிந்து தெரியும். அல்லது வெள்ளைத் தாளில் லேசாக ஒற்றி எடுத்தால், எதுவரை ஈரம் இருக்கிறது என்பதைத் தாளே காட்டிவிடும்.

எல்லா வண்டிக்கும் இதே விதி என்று நினைத்தாலும் தவறு. காற்றால் குளிரூட்டப்பட்ட பழைய போர்ஷே 911 காரில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். இன்ஜின் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஆயில் இன்ஜினுக்குள் இறங்கிக் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றியவர்கள் பட்ட பாடு அந்தக் கார் ரசிகர்களிடையே பிரபலம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஹீரோ ஸ்ப்ளெண்டரையே எடுத்துக்கொள்ளலாம். ஸ்டிக், மூடியோடு சேர்ந்தே வரும். துடைத்த பின் அதைத் திருகி மூடிவிட்டுத் திரும்ப எடுத்துப் பார்ப்பவர்கள் ஏராளம். உண்மையில் திருகாமல், மூடி வாயில் உட்காரும்படி சும்மா வைத்து எடுக்க வேண்டும். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் பைக்கில் பார்த்த அளவுக்கு அர்த்தமில்லை. திருகிப் பார்த்தால் ஸ்டிக் கூடுதல் ஆழத்துக்குப் போய், ஆயில் தாராளமாக இருப்பதாகக் காட்டும். குறைந்த ஆயிலோடு பைக் ஓட்டுகிறவர்களில் இப்படித் திருகிப் பார்த்துத் திருப்திப்பட்டவர்களும் இருப்பார்கள்.

அதிகமாக ஊற்றுவது பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ‘கூட இருந்தா நல்லதுதானே!’ இல்லை. சம்ப்பில் ஆயில் உயர்ந்தால், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதில் மோதிக் கடையும். நுரை எழும். நுரையை உறிஞ்சும் பம்ப் காற்றைத்தான் பேரிங்குக்கு அனுப்புகிறது. ஆக, குறைந்தால் வரும் அதே கேடு கூடினாலும் வருகிறது. மிச்ச ஆயில் பிரீதர் வழியாக இன்ஜினின் மூச்சுப் பாதைக்குள் போய் எரிந்து நீலப் புகை தள்ளும். சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். டீசல் இன்ஜினில் இது இன்னும் விபரீதம்: உள்ளே வரும் ஆயிலையே எரிபொருளாக எரித்து, சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காமல் அலறிக்கொண்டு ஓடக்கூடும்.

இந்தியாவில் கார் ஆயில் 3 லிட்டர், 3.5 லிட்டர் டப்பாக்களாகவும் விற்கிறது. மூன்று லிட்டரைச் சற்றே தாண்டிக் கொள்ளும் இன்ஜினுக்கு 3.5 லிட்டர் டப்பாவைப் பிரிக்கும் மெக்கானிக், அடியில் நூறு, இருநூறு மில்லியை மிச்சம் வைத்து வாடிக்கையாளர் கையில் கொடுப்பதைவிட, மொத்தத்தையும் கவிழ்த்துவிடுவதையே விரும்புகிறார். வாடிக்கையாளரும், காசு கொடுத்த ஆயில் வீணாகவில்லை என்று மகிழ்கிறார். ஆயில் மாற்றி வாங்கும்போது ஸ்டிக்கைப் பார்க்காமல் வண்டியை எடுக்கக்கூடாது என்பது இதற்காகத்தான். அதிலும் ஒரு நுணுக்கம்: புது ஃபில்டர் காலியாக இருக்கும். ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, அணைத்து, காத்திருந்து பார்த்தால்தான் ஃபில்டர் குடித்தது போக நிற்கும் உண்மையான அளவு தெரியும். குறைந்திருந்தால் கால் லிட்டராக ஊற்றிப் பார்த்து ஊற்ற வேண்டும். அதுவும் கையேட்டில் போட்டிருக்கும் அதே கிரேடு.

ஊற்றாமலே ஆயில் ஏறினால்? குறைவதைவிடக் கவலைக்குரியது இதுதான், ஆனால் ‘நல்லவேளை, நிறைய இருக்கு’ என்று மூடிவிட்டுப் போகிறவர்களே அதிகம். 2018-ல் சீனாவில் ஹோண்டா நிறுவனம் சிஆர்-வி காரின் விற்பனையை நிறுத்தி வைக்க நேர்ந்தது. 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். கடுங்குளிரில் குறுந்தூரம் மட்டும் ஓடிய வண்டிகளில், முழுதாக ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாகச் சம்ப்பில் இறங்கிக் கலந்தது. ஸ்டிக்கில் கோடு மேல் குறியையும் தாண்டி ஏறியதைக் கவனித்துச் சொன்னவர்கள் கார் உரிமையாளர்கள். லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்கும் நிலைக்கு அது போய் முடிந்தது. ஸ்டிக் என்ற ஒரு கம்பி இல்லையென்றால் அந்தக் கோளாறு வெளியே தெரிய இன்னும் எத்தனை இன்ஜின் போயிருக்குமோ!

சென்னையில் அந்தக் குளிர் இல்லை. ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் புகை மாசுக்கான பிஎஸ்-6 விதி வந்த பிறகு, இங்கே ஓடும் டீசல் கார்களில் வேறொரு வழியில் இது நடக்கிறது. சைலன்சர் பாதையில் இருக்கும் டிபிஎஃப் எனும் வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க, இன்ஜின் அவ்வப்போது கூடுதலாக டீசலைத் தெளிக்கும். நெடுஞ்சாலையில் நின்று நிதானமாக ஓடும் வண்டியில் அந்த எரிப்பு முடிந்துவிடும். அண்ணா நகரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போய் அணைக்கப்படும் வண்டியில் அது பாதியிலேயே நின்று, எரியாத டீசலில் ஒரு பங்கு ஆயிலோடு கலக்கிறது. மாஸ்டா தன் டீசல் கார்களின் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் மேலே ‘எக்ஸ்’ என்று தனிக் குறியே போட்டுவிட்டது. அங்கே தொட்டால் ஆயிலை மாற்றியாக வேண்டும். இங்கே விற்கும் டீசல் கார்களிலும் இப்படியொரு குறி இருந்தால் நாலு பேருக்குப் புரியும்.

இன்னொரு ஏற்றம் மழைக்காலத்தில் வரும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கார்கள் தண்ணீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்ததும் பலர் செய்த முதல் வேலை, ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருப்பியது. செய்திருக்க வேண்டியது ஸ்டிக்கை உருவுவது. ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ, கோடு ஏறியிருந்தாலோ உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வண்டியை இழுத்துக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்டிக் சுத்தமாக இருந்தால் மட்டும் ஆபத்தில்லை என்றும் சொல்லிவிட முடியாது, காற்று இழுக்கும் பாதை வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். ஆனால் ஸ்டிக்கே ‘வேண்டாம்’ என்று சொன்ன வண்டிகளில் சாவியைத் திருப்பாமல் இருந்திருந்தால் பல இன்ஜின்கள் தப்பியிருக்கும். மழையில்லாத நாளில் அதே காபி நிறம் தெரிந்தால், ஹெட் கேஸ்கட் போய் ரேடியேட்டர் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

நிறத்தைப் பற்றிய மற்ற பேச்செல்லாம் பெரும்பாலும் வியாபாரம். இரண்டு விரலுக்கு நடுவே ஆயிலைத் தேய்த்து, ‘கறுத்துப் போச்சு, பவரே இல்ல’ என்று தீர்ப்புச் சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. ஆயிலில் கலந்திருக்கும் வேதிப்பொருட்களின் வேலையே கரியை உள்வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்வதுதான். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே அது கறுத்துவிடும்.

இப்போது காசு விஷயம். இன்ஜின் சீஸ் ஆனால் இன்சூரன்ஸ் வரும் என்று நம்புகிறவர்கள் பாலிசியை விரித்துப் படிக்க வேண்டும். வழக்கமான பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சேராது. இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தாலும், அது கைகொடுப்பது பெரும்பாலும் தண்ணீர் புகுந்தாலோ, அடியில் இடி வாங்கிச் சம்ப் உடைந்து ஆயில் ஒழுகினாலோதான். நம் ஊர்களில் கைக்கு வந்தபடி போட்டு வைத்திருக்கும் வேகத்தடைகளில் இந்த இரண்டாவது விபத்துக்குப் பஞ்சமில்லை. 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு சொல்லியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் போட்ட வேகத்தடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அடியில் பலமாக இடித்த சத்தம் கேட்ட அன்றே ஸ்டிக்கைப் பார்க்காமல், மறுநாள் திருச்சிக்குப் புறப்பட்டவர் இன்சூரன்ஸ் ஆய்வாளரிடம் என்ன சொல்வார்?

வாரண்டியிலும் இதே நிலைதான். அமெரிக்காவில் 2000-களின் பிற்பகுதியில் வந்த டொயோட்டா கேம்ரி கார்கள் சிலவற்றில் 2ஏஇசட் வகை இன்ஜின் ஆயிலை அதிகமாகக் குடிப்பதாகப் புகார்கள் குவிந்தன. நிறுவனம் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றித்தர ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதற்கான சோதனை எளிமையானது: மேல் கோடு வரை நிரப்பி, யாரும் தொடாதபடி சீல் வைத்து, 1,200 மைல் ஓட்டி வந்து ஸ்டிக்கைப் பார்ப்பது. ஒரு குவார்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் பழுது ஒப்புக்கொள்ளப்படும். கம்ப்யூட்டர் சோதனையெல்லாம் வந்த பிறகும், கடைசித் தீர்ப்பு சொன்னது ஒரு கம்பிதான். இங்கே அப்படி வாதாட வேண்டுமென்றால் வண்டிக்காரரிடம் தேதியும் கிலோமீட்டரும் அளவும் எழுதிய ஒரு குறிப்பு இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஸ்டிக்கைச் செல்போனில் படம் பிடித்து வைத்தாலே போதும்.

அந்தக் கம்பியையே எடுத்துவிடும் போக்கும் நடந்துகொண்டிருக்கிறது. பிஎம்டபிள்யூ 2000-களின் நடுவிலிருந்தே பல இன்ஜின்களில் ஸ்டிக்கை நீக்கிவிட்டது. ஆடியும் போர்ஷேவும் அதே வழியில் போயின. திரையில் மெனுவுக்குள் நுழைந்து, சென்சார் அளந்து சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். சாய்தளம், சூடு, காத்திருப்பு என்று மனிதர் செய்யும் தவறுகளை அது குறைக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் சென்சார் பழுதானால் சரிபார்க்க வேறு வழி இல்லை. பழைய கார் வாங்க வருகிறவர் ஆயிலின் நிறத்தையோ, அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்பதையோ பார்க்கவும் முடியாது. விலையுயர்ந்த கார்களின் இந்த வழக்கம் சின்னக் கார்களுக்கும் இறங்கி வருவதற்குள், ஸ்டிக் இருந்தே ஆக வேண்டும் என்று விதி கொண்டுவருவதில் தவறில்லை. சென்சார் கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இருக்கிற ஸ்டிக்கும் பேசாமடந்தையாகத்தான் இருக்கிறது. இரண்டு கோடு, அல்லது இரண்டு துளை, சிலவற்றில் எல், எஃப் என்று ஆங்கில எழுத்து. இடையில் எத்தனை லிட்டர் என்று பெரும்பாலான கம்பிகளில் பொறித்திருப்பதில்லை. கீழ்க் கோட்டில் நிற்கும் ஆயிலைப் பார்த்தவருக்கு அரை லிட்டர் ஊற்றுவதா, ஒன்றா என்று தெரியாமல் போவதற்குக் காரணம் அதுவே. ஸ்டிக்கின் கைப்பிடியில் லிட்டரும், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதும் இரண்டு எண்ணாகப் பொறிக்க நிறுவனங்களுக்குப் பெரிய செலவு ஆகிவிடாது. தமிழ்நாட்டில் விற்கும் கார்களில் பல, சென்னைக்கு அருகில் இருக்கும் தொழிற்சாலைகளிலேயே தயாராகின்றன. பானெட்டின் உட்புறத்தில் தமிழில் நாலு வரி ஒட்டுவதற்கும் தடையில்லை.

பிரிட்டனில் கார் ஓட்டுநர் தேர்வில் 2003 முதல் ‘ஷோ மீ, டெல் மீ’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தக் கேள்விகளில் ஒன்று, பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஆயில் அளவை எங்கே, எப்படிப் பார்ப்பது என்று சொல்லச் சொல்வது. நம் நாட்டிலும் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கு வகுத்த பாடத்திட்டத்தில் வாகனத்தின் இயக்கமும் பராமரிப்பும் இடம்பெற்றிருக்கின்றன. பயிற்சிக்குப் போகிறவர்கள் கற்றுக்கொள்வது கிளட்ச், கியர், ரிவர்ஸ். ஆர்டிஓ மைதானத்தில் பானெட்டைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கேட்டால் பத்து நிமிடம் கூடும், பயிற்சிப் பள்ளிக்காரர்கள் முனகுவார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காகவாவது பள்ளிகள் ஒரு நாள் வகுப்பில் ஸ்டிக்கைக் கையில் கொடுத்துப் பழக்கும். தானியங்கித் தேர்வுத் தளங்கள் அமைத்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், ஓடுதளத்துக்குப் பக்கத்தில் பானெட் திறந்த ஒரு பழைய காரை நிறுத்தி வைத்து, ஸ்டிக்கை உருவி அளவு சொல்லாதவருக்கு உரிமம் இல்லை என்று போக்குவரத்துத் துறை ஓர் ஆணை போடலாம்.